தண்டர்பேர்டில் ஜிமெயில்: மெயில் வருகிறது, அனுப்பும்போது மட்டும் பாஸ்வேர்டு ஏற்கவில்லை

கேள்வி:
பழைய கம்ப்யூட்டரில் இருந்த தண்டர்பேர்டு மெயில் புரோகிராமின் புரொஃபைலை (மெயில்களும் செட்டிங்குகளும் உள்ள ஃபோல்டர்) புதியதில் காப்பி செய்து போட்டேன். இன்பாக்ஸ் சரியாக வருகிறது. அனுப்பினால் பாஸ்வேர்டு பெட்டி வருகிறது, சரியாகத்தான் அடிக்கிறேன், உடனே மறுபடியும் அதே பெட்டி. கேன்சல் செய்தால் 535 5.7.8 என்று பிழை. இதே பாஸ்வேர்டில் பிரவுசரில் உள்ளே போக முடிகிறது. போர்ட் எண்ணை மாற்றிப் பார்க்கலாமா?

பதில் 1:
போர்ட்டைத் தொடாதீர்கள். 535 வருகிறது என்றால் சர்வர் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள், அடையாளத்தைத்தான் அது ஏற்கவில்லை. போர்ட் தப்பாக இருந்தால் டைம்அவுட் ஆகியிருக்கும்.

சாதாரண ஜிமெயில் கணக்குகளுக்கு, மெயில் புரோகிராமில் கணக்கின் பாஸ்வேர்டையே கொடுத்து நுழையும் வழியை 2022 மே 30 முதல் கூகுள் நிறுத்திவிட்டது. உங்கள் புரொஃபைலில் மெயில் வாங்கும் பக்கம் ஓஆத்2-க்கு (OAuth2: பாஸ்வேர்டைப் புரோகிராமில் கொடுக்காமல், கூகுளின் லாகின் ஜன்னலில் அனுமதி கொடுக்கும் முறை) மாறியிருக்கும், அனுப்பும் பக்கம் பழையபடியே நின்றிருக்கும். இரண்டுக்கும் செட்டிங் தனித்தனி. நிறையப் பேர் கோட்டை விடும் இடம் இதுதான்.

அக்கவுன்ட் செட்டிங்ஸ் திறந்து இடப்பக்கப் பட்டியலின் கடைசியில் உள்ள அவுட்கோயிங் சர்வருக்குப் போங்கள். ஜிமெயில் வரியைத் தேர்ந்தெடுத்து எடிட். அதென்டிகேஷன் மெத்தடில் 'நார்மல் பாஸ்வேர்டு' இருந்தால் 'ஓஆத்2' ஆக்குங்கள். யூசர் நேமில் முழு மெயில் முகவரி வேண்டும். கனெக்ஷன் செக்யூரிட்டியில், போர்ட் 465 என்றால் எஸ்எஸ்எல்/டிஎல்எஸ், 587 என்றால் ஸ்டார்ட்டிஎல்எஸ். ஜோடி மாறக் கூடாது.

பிறகு செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சேவ்டு பாஸ்வேர்ட்ஸ். அங்கே 'எஸ்எம்டிபி' (smtp, மெயில் அனுப்பும் பக்கம்) என்று தொடங்கும் ஜிமெயில் வரியை அழித்துவிட்டு, தண்டர்பேர்டை மூடித் திறந்து அனுப்பிப் பாருங்கள். கூகுள் லாகின் ஜன்னல் வந்தால் அனுமதி கொடுங்கள்.

கேட்டவர்:
மாற்றிவிட்டேன். ஆனால் லாகின் ஜன்னல் வரவே இல்லை, அதே பழைய பாஸ்வேர்டு பெட்டிதான் வருகிறது.

பதில் 2:
அவுட்கோயிங் சர்வர் பட்டியலில் எத்தனை வரி இருக்கிறது? பழைய புரொஃபைலில் ஒன்றுக்கு மேல் சேர்ந்திருக்கும். கணக்கின் பெயரைச் சொடுக்கினால் வரும் முதல் பக்கத்தின் கீழே, அந்தக் கணக்கு எந்த அவுட்கோயிங் சர்வரை எடுக்கிறது என்று ஒரு பெட்டி உண்டு. நீங்கள் திருத்திய வரிதானா அது?

ஜன்னல் வந்தும் லாகின் முடியாமல் நின்றால் அது வேறு கோளாறு. பிரைவசி பக்கத்தில் குக்கீகளை ஏற்கும் டிக் எடுபட்டிருக்கும். அது இல்லாமல் ஓஆத்2 வேலை செய்யாது.

பதில் 3:
ஓஆத்2 தெரியாத பழைய மெயில் புரோகிராம் வைத்திருப்பவர்களுக்கு: கூகுள் கணக்கில் இரண்டு படிச் சரிபார்ப்பைப் போட்ட பிறகு, ஆப் பாஸ்வேர்டு (அந்தப் புரோகிராமுக்கென்று கூகுள் தரும் தனி பாஸ்வேர்டு) எடுத்துக்கொள்ளலாம். 16 எழுத்து, நடுவில் இடைவெளி விடாமல் அடியுங்கள். அப்போது மட்டும் 'நார்மல் பாஸ்வேர்டு' சரி, வாங்கும் பக்கம் அனுப்பும் பக்கம் இரண்டிலும். கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினால் இது செல்லாது, புதிதாக எடுக்க வேண்டும்.

கேட்டவர்:
இரண்டு வரி இருந்தது. நான் திருத்தியது ஒன்று, கணக்கு பிடித்துக்கொண்டிருந்தது இன்னொன்று. மாற்றியதும் கூகுள் ஜன்னல் வந்தது, மெயில் போய்விட்டது. மிக்க நன்றி. பழைய வரியை அழித்துவிடலாமா?

பதில் 2:
வேறு கணக்கு எதுவும் அதை எடுக்கவில்லை என்று பார்த்துவிட்டு அழித்துவிடுங்கள்.