நூரன்பெர்க் பக்கத்துல அப்பா அம்மாவ எங்க கூட்டிட்டு போலாம்?

எல்லாருக்கும் வணக்கம். ஆபீஸ் வேலையா ஆறு மாசம் ஜெர்மனில நூரன்பெர்க்ல இருக்கேன், அடுத்த மாசம் அப்பா அம்மா வராங்க, மூணு வாரம் இருப்பாங்க. கார் இல்ல, மாசம் 63 யூரோ டாய்ச்லாந்து டிக்கெட்தான் (நாடு முழுக்க செல்லுற மாசப் பாஸ்), அதனால ஐசிஇ மாதிரி அதிவேக ரயில் கிடையாது, லோக்கல் ரயிலும் பஸ்ஸும்தான்.

ரோத்தன்பெர்க்னு கோட்டைச் சுவர் சுத்தின பழைய ஊருக்கு நான் தனியா போயிட்டு வந்தேன். அன்ஸ்பாக், ஸ்டைனாக்னு ரெண்டு எடத்துல மாறணும், ஸ்டைனாக்ல இருந்து ஒரு குட்டி ரயில், கால் மணி நேரம். கோட்டைச் சுவர் மேலயே நடக்கலாம், 1945ல குண்டு விழுந்து இடிஞ்ச பகுதிய நன்கொடை வாங்கி திரும்ப கட்டிருக்காங்க, குடுத்தவங்க பேர கல்லுல பொறிச்சிருக்காங்க, நம்மூரு கோயில்ல ட்யூப்லைட்ல உபயம்னு எழுதுவோம்ல அதே கதைதான்! அப்பாவுக்கு இத காட்டியே ஆகணும், ஆனா அவருக்கு முட்டி வலி, அந்த மரப்படி செங்குத்தா இருக்கு. ஏற்றம் கம்மியா எந்த வாசல் பக்கமா ஏறலாம்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாம்பெர்க் ஒரு நாள் போதும்ல?

அம்மாவுக்கு கிராமம்தான் பாக்கணுமாம். ஃப்ராங்கிஷ் ஸ்விட்சர்லாந்து (பேருதான் அப்படி, இங்க பக்கத்துல இருக்குற மலைப்பகுதி) பக்கம் எபர்மான்ஸ்டாட் வரைக்கும் ரயில் இருக்கு, அதுக்கப்புறம் கோஸ்வைன்ஸ்டைன், பாட்டன்ஸ்டைன் போக ஞாயித்துக்கெழம பஸ்ஸ நம்பலாமா? அங்க ரெண்டு நாள் தங்க சமையல்கட்டோட வீடு கெடைக்குமா? அம்மா சுத்த சைவம், குக்கரையும் தூக்கிட்டுதான் வருவாங்க.