மறு: பிளாஸ்மா செயலூட்டிய நீருக்கு என்ன சொல் வைக்கலாம்?

வணக்கம்.

பிளாஸ்மா, அதாவது மின்னூட்டத் துகள்களாகப் பிரிந்த வாயு, பட்டுக் கிருமிகொல்லும் திறன் பெறும் நீருக்கு நம் கட்டுரையில் என்ன தமிழ்ச் சொல் வைப்பது என்று கேட்டிருந்தோம். இழை நீண்டுவிட்டது. வந்த பரிந்துரைகளுக்கு இங்கேயே ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன்.

> பேசாமல் 'பிளாஸ்மா நீர்' என்றே விட்டுவிடலாமே?

இயற்பியல் கட்டுரை என்றால் நானும் சரி என்றிருப்பேன். ஆனால் இது புண் கழுவும் நீரைப் பற்றிய பேச்சு. கொரோனா காலத்துப் 'பிளாஸ்மா தானம்' இன்னும் யாருக்கும் மறக்கவில்லை. மருத்துவக் குறிப்பில் அந்தச் சொல்லைப் பார்த்தால் இரத்தம்தான் நினைவுக்கு வரும். 1928இல் அமெரிக்க அறிவியலாளர் லாங்மியூர் அயனியாகிய வாயுவுக்கு அந்தப் பெயரை வைத்தபோதே இரத்தத்துக்கு அது இருந்தது. அவர் செய்த குழப்படியை நாமும் ஏன் சுமக்க வேண்டும்? வாயுவை 'அயனிமம்' என்போம்.

> அப்படியானால் 'அயனி நீர்'?

வேண்டாம். காரநீர்க் கருவி விற்பவர்கள் அந்தப் பெயரை முன்பே பிடித்துக்கொண்டார்கள். நம்முடையதோ அமிலம், காய்ச்சி வடித்த நீரில் செய்தால் பி.எச். 3 வாக்கில் வந்து நிற்கும்.

> 'அயனிமம் ஊட்டிய நீர்'

இதில்தான் எனக்குத் தயக்கம். ஊட்டிய என்றால் அயனிமம் நீருக்குள் இருப்பதுபோல் ஆகிவிடும். நடப்பது வேறு. நீர்ப்பரப்புக்குச் சற்று மேலே, காற்றில், உயர் மின்னழுத்தம் கொடுக்கிறார்கள். ஊதா நிறத்தில் மெல்லிய மின்னிழைகள் நீரைத் தொடும். காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் உடைந்து நீரோடு வினைபுரிய, ஹைட்ரஜன் பெராக்சைடு, நைட்ரைட்டு, நைட்ரேட்டு எல்லாம் உண்டாகும். மின்சாரத்தை நிறுத்தினால் அயனிமம் அப்போதே போய்விடும். அப்புறம் நடப்பதெல்லாம் வேதிவினை. அமிலச் சூழலில் பெராக்சைடும் நைட்ரைட்டும் சேர்ந்து பெராக்சிநைட்ரஸ் அமிலம் ஆகிறது. அதன் ஆயுள் ஏறக்குறைய ஒரு நொடி. ஆனாலும் சரக்கு தீரும்வரை புதிது புதிதாக வந்துகொண்டே இருக்கும். கிருமிகளைக் கொல்லும் வேலையில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

மருந்தெதிர்ப்புப் பாக்டீரியா இதற்கு மசிவதும் இதனால்தான். மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டாஃபைலோகாக்கஸ், அந்த மருந்து ஒட்டாத புரதம் ஒன்றை வைத்துக்கொண்டு சமாளிக்கிறது. வேறு சில, உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துவிடும். சவ்வு, புரதம், டி.என்.ஏ. என்று கண்டதையெல்லாம் ஆக்சிஜனேற்றுவதற்கு முன்னால் இந்த ஏற்பாடுகள் எடுபடாது.

ஆகவே என் பரிந்துரை: 'அயனிம வினைநீர்'. கட்டுரைக்குள் வெறும் 'வினைநீர்' போதும். வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: 'வினைநீரால் புண்ணைக் கழுவியபின்', 'அறை வெப்பத்தில் வைத்தால் வினைநீரின் வீரியம் குறைந்துகொண்டே போகும்', 'சீழும் இரத்தமும் வினைநீரைச் செலவழித்துவிடும்'. எங்கும் இடிக்கவில்லை.

> 'கிளர்நீர்' இன்னும் அழகு

அழகுதான். ஆனால் அணு கூடுதல் ஆற்றல் பெற்றிருக்கும் 'கிளர்நிலை' என்ற சொல்லோடு போய் மோதும்.

> 'கிருமிக்கொல்லி நீர்' எல்லாருக்கும் புரியுமே

குளோரின் கலந்த நீரும் கிருமிக்கொல்லிதானே! தவிர, இதே நீரில் விதையை ஊறவைத்து முளைப்புத் திறனைச் சோதிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் பெயர் உதவாது.

இன்னொன்று. கட்டுரை வரைவில் 'நுண்ணுயிர் எதிர்ப்பி எதிர்ப்பு நுண்ணுயிரி' என்று ஓரிடத்தில் வருகிறது. வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். 'மருந்தெதிர்ப்புப் பாக்டீரியா' என்று மாற்றிவிடலாமா? இரண்டு சொல்லுக்கும் மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லாவிட்டால் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாம்.