20 நிமிடம்தான் கிடைக்கிறது: தனி ஜெபத்தை எப்படி அமைப்பது?

கடுகுவிதை:
வாரா வாரம் ஷிப்ட் மாறும் வேலை, சின்னப் பிள்ளைகள் இருவர், போதாததற்கு ஞாயிறு பள்ளி வகுப்பும் பாடகர் குழுவும். யாரும் கூப்பிடாத 20 நிமிடம் ஒரு நாளில் எப்படியும் கிடைக்கும், ஆனால் எப்போது என்று சொல்ல முடியாது. அதில் எவ்வளவு வாசிப்பது, எவ்வளவு ஜெபிப்பது? ஞாயிறு பள்ளிப் பாடத்துக்காக வாசிப்பதையே தனி தியானமாக வைத்துக்கொள்ளலாமா?

திராட்சைக்கிளை:
கடைசிக் கேள்விக்கு முதலில்: வேண்டாம். பாடம் தயாரிக்கும்போது, 'இதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது' என்றே மனம் ஓடும். வசனம் நம்மைத் தொடும் முன்பே அடுத்தவருக்குக் கைமாறிவிடும். ஊழியம் செய்கிறவர்கள் உள்ளுக்குள் வறண்டுபோவது பெரும்பாலும் இப்படித்தான். பாடம் லூக்கா என்றால் தனி வாசிப்பு சங்கீதமாக இருக்கட்டும். நோட்டும் வேறாக இருக்கட்டும்.

20 நிமிடத்தில் முதல் 2 நிமிடம் சும்மா உட்காருங்கள். வந்த வேகத்தில் வேதத்தைத் திறந்தால் கண் மட்டும்தான் வாசிக்கும். அடுத்த 8 நிமிடத்துக்கு 8 முதல் 15 வசனம் போதும். இரண்டு தடவை, இரண்டாவது தடவை வாய்விட்டு. மனதில் நின்ற ஒரு வசனத்தைக் கையால் எழுதுங்கள். மீதி நேரம் ஜெபம், அதுவும் எழுதிய வசனத்திலிருந்தே தொடங்க வேண்டும். விண்ணப்பப் பட்டியலை முதலில் எடுத்தால் மொத்த நேரத்தையும் அதுவே தின்றுவிடும். பட்டியலை ஏழு கிழமைக்கும் பிரித்துவிட்டால் ஒரு நாளுக்கு நாலைந்து பெயர்தான் வரும்.

எங்கே தொடங்குவது என்று குழப்பமா? 119ஆம் சங்கீதம் 176 வசனம். எட்டெட்டாக 22 பகுதிகள். 22 நாளைக்கு அளந்து வைத்தது போல இருக்கும்.

ஒரே வருடத்தில் முழு வேதாகமம் என்ற அட்டவணை இப்போதைக்கு வேண்டாம். மொத்தம் 1189 அதிகாரம், அதாவது தினமும் மூன்றுக்கு மேல். முதல் இரண்டு புத்தகங்களில் ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40. நாளுக்கு மூன்று என்றால் ஒரு மாதத்தில், பலிச் சட்டங்கள் நிறைந்த லேவியராகமத்துக்கு வந்துவிடுவீர்கள். பலர் நிறுத்துவது அங்கேதான். விட்ட நாள்கள் கடன்போலச் சேர்ந்து, குற்றவுணர்ச்சி வேதத்தையே தூரமாக்கிவிடும். தேதி போடாமல் ஒரு அடையாளத் தாள் வைத்து, விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

அந்திசந்தி:
மேலே சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஷிப்ட் மாறுகிறவர்கள் கடிகாரத்தைப் பிடித்தால் தோற்பார்கள். எழுந்தவுடன், சாப்பாட்டுக்கு முன், வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையுமுன் என்று ஏதாவது ஒரு செயலோடு கட்டிவிடுங்கள். ஷிப்ட் எதுவானாலும் அந்தச் செயல் வரும், ஜெபமும் கூடவே வரும். அதிகாலைதான் பரிசுத்தம் என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. தாவீது அந்தி சந்தி மத்தியானம் என்கிறார் (சங்கீதம் 55:17). ஈசாக்கு சாயங்காலத்தில் வெளியிலே தியானித்தார் (ஆதியாகமம் 24:63).

இரவில்தான் முடியும் என்றால் படுக்கையில் வேண்டாம், தூங்கிவிடுவீர்கள். நாற்காலியில் உட்காருங்கள், அல்லது நடந்துகொண்டே ஜெபியுங்கள். போன் வேறு அறையில். போனில்தான் வாசிக்கிறீர்கள் என்றால் முதலில் ஃபிளைட் மோடு. பக்கத்தில் ஒரு துண்டுத் தாள்: 'நாளைக்குப் பால்', 'பில் கட்டணும்' என்று நினைவு வந்தால் எழுதிவிட்டுத் திரும்புங்கள். அதை மனதிலிருந்து துரத்தப் போராடினால் அதுதான் இன்னும் பெரிதாகும்.

கடுகுவிதை:
நடுவில் பிள்ளை எழுந்துவிட்டால்?

திராட்சைக்கிளை:
வசன எண்ணைக் குறித்துக்கொண்டு எழுந்து போங்கள், எரிச்சல் வேண்டாம். இயேசு அதிகாலையில் தனியே போய் ஜெபித்ததைச் சொல்லும் மாற்கு 1:35ஐ எல்லாரும் சொல்வார்கள், அடுத்த இரண்டு வசனத்தை விட்டுவிடுவார்கள்: சீமோன் தேடிக்கொண்டு வந்து இயேசுவின் தனிமையைக் கலைக்கிறார். மிச்சத்தை அன்றே முடிக்க வேண்டும் என்றில்லை. எழுதிய வசனம் கையில் இருந்தால் பாத்திரம் கழுவும்போது அதை வைத்தே ஜெபிக்கலாம். நெகேமியா ராஜாவின் கேள்விக்குப் பதில் சொல்லுமுன் ஜெபித்தது எத்தனை விநாடி இருக்கும் (நெகேமியா 2:4)?

அந்திசந்தி:
அதுவே தினமும் நடந்தால் வீட்டில் பேசி முறை வையுங்கள். வாரத்தில் ஒரு நாள் ஒருவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள, மற்றவருக்கு முழு ஒரு மணி நேரம். அடுத்த வாரம் மாற்றி. அதைக் காலண்டரில் எழுதிவிடுங்கள். வாய்ப்பேச்சாக விட்டால் முதலில் விடுபடுவது அதுதான்.