அன்பியம் (பங்கில் அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த ஜெபக் குழு) வாட்ஸ்அப் குழு: அக்டோபர் ஜெபமாலைக்கு ஆள் வர என்ன செய்யலாம்?

தலைவர் மாமா, இரவு 8:05
இயேசுவுக்கே புகழ். இன்றைய அன்பியக் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு ஒரு பெஞ்சே போதும் என்ற நிலை. அக்டோபர் 1 முதல் வீடு வீடாக ஜெபமாலை தொடங்க வேண்டும். ஃபாதர் பூசையில் அறிவித்துவிட்டார், நானும் குழுவில் போட்டுவிட்டேன். திருவிழாக் கொடியேற்றத்துக்கு நிற்க இடமில்லாமல் கூடுகிற அதே ஊர்தானே இது? என்ன குறை என்று மனம் திறந்து சொல்லுங்கள்.

மேலவிளை அண்ணன், 8:12
மாமா, முதலில் நேரத்தைப் பாருங்கள். ஜெபமாலையை எட்டு மணிக்குத் தொடங்கினால் முடிய ஒன்பதரை. நான் விடிவதற்கு முன்பே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு பால்வெட்டுக்கு இறங்க வேண்டும். வெயில் ஏறினால் ரப்பர் பால் ஒழுக்கு குறைந்துவிடும். பக்தி இல்லாமல் இல்லை, உட்கார்ந்தால் கண் சொக்குகிறது.

கொத்தனார் அண்ணன், 8:15
எனக்கும் நேரம்தான். எர்ணாகுளத்திலிருந்து சனிக்கிழமை ராத்திரி வீடு சேரும்போது கூட்டம் முடிந்திருக்கும். ஞாயிறு ராத்திரி வண்டிக்குத் திரும்ப வேண்டும். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு வைத்தால் குடும்பத்தோடு வருவேன். என்னைப் போல இந்த அன்பியத்தில் பலர் இருக்கிறார்கள்.

தலைவர் மாமா, 8:17
சரி. இதை ஏன் முன்பே சொல்லவில்லை?

கொத்தனார் அண்ணன், 8:18
யாரும் கேட்கவில்லை மாமா.

குருசடி வீட்டுச் சித்தி, 8:26
நேரம் மட்டுமில்லை மக்களே. வெளியே யாரும் சொல்லாத காரியம் ஒன்று உண்டு, நான் சொல்லுகிறேன். முன்னெல்லாம் ஜெபம் முடிந்தால் பால் இல்லாத ஒரு கட்டன்சாயா, அதோடு சரி. இப்போது ஒரு வீட்டில் பப்ஸ் கொடுத்தால் அடுத்த வீட்டில் கேக், அதற்கடுத்த வீட்டில் புரோட்டா. அண்டி ஆபீஸில், அதுதான் முந்திரி ஆலையில், கிடைக்கிற கூலியில் மூன்று பிள்ளைகளை வளர்க்கிறவள் இத்தனை பேருக்கு என்ன வாங்கிக் கொடுப்பாள்? அதனால் ‘எங்கள் வீடு இந்த வருடம் வேண்டாம்’ என்கிறாள். தன் வீட்டில் வைக்காதவள் அடுத்த வீட்டுக்குப் போகவும் கூசுகிறாள். இப்படித்தான் நம் அன்பியத்தில் ஒவ்வொரு குடும்பமாக விலகினது. சுவர் பூசாத வீடு, நாற்காலி இல்லாத வீடு என்று ஒதுங்கி நிற்கிறவர்களும் உண்டு. போன வருடம் ஒரு பிள்ளை என்னிடம் அழுதாள். பெயர் வேண்டாம்.

டீச்சர் அக்கா, 8:31
சித்தி சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. மாதா நம் வீட்டுக்கு வருகிறார் என்று சொல்லிக்கொண்டு, வாங்கிக் கொடுக்க வழியில்லாதவர்கள் கதவைச் சாத்தும்படி நாமே செய்துவிட்டோம். இந்த வருடம் எல்லா வீட்டிலும் கட்டன்சாயா மட்டும் என்று முடிவெடுப்போம். வசதி உள்ளவர்கள்தான் முதலில் இதற்குக் கட்டுப்பட வேண்டும். பாயும் நாற்காலியும் அன்பியமே கொண்டு போகட்டும்.

டீச்சர் அக்கா, 8:36
அப்புறம் இன்னொன்று மாமா, கோபிக்க வேண்டாம். திருவிழா வரி பாக்கியைக் கூட்டத்தில் பெயர் சொல்லி வாசிக்கிறோம். வேலையில்லாமல் இருக்கிற மனுஷன் அதைக் கேட்க வருவாரா? ஜெபக் கூட்டத்தில் காசுப் பேச்சே வேண்டாம். தனியாக வீட்டில் போய்க் கேளுங்கள்.

தலைவர் மாமா, 8:40
கணக்கு கொடுக்க வேண்டியவன் நான் டீச்சர். பங்குப் பேரவையில் என்னைத்தான் கேட்பார்கள். ஆனாலும் நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இனி வாசிக்கவில்லை.

கிட்டார் தம்பி, 8:44
அங்கிள், எங்களைப் பற்றியும் சொல்லட்டுமா? மைக் கட்ட, நாற்காலி போட, தேர்ப்பவனிக்கு டியூப்லைட் கட்ட மட்டும் கூப்பிடுகிறீர்கள். ஜெபமாலை தொடங்கினால் பத்துப் பத்து மணிகளாக வருகிற ஐந்து பகுதியையும் ஒரே ஆள்தான் சொல்லுகிறார். நாங்கள் வெளியே பைக்கில் உட்கார்ந்திருப்போம். உள்ளே வந்தால் எங்களுக்கு என்ன வேலை?

டீச்சர் அக்கா, 8:52
தம்பி, இதைத்தான் உலகத்து ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-லேயே சொன்னது. திருவழிபாட்டில் மக்கள் முழுமையாகவும் உணர்ந்தும் ஈடுபாட்டோடும் பங்கேற்க வேண்டும் என்று அதன் முதல் ஏடே கேட்கிறது. பூசைக்குச் சொன்னது வீட்டு ஜெபத்துக்கும் பொருந்தும். பத்து மணி கொண்ட ஒவ்வொரு பகுதியையும் ஒவ்வொரு வீட்டார் சொல்லட்டும், ஒன்று கண்டிப்பாகச் சிறுபிள்ளைகளுக்கு. வியாழக்கிழமை ஜெபமாலையில் தியானிக்கிற ஒளியின் தேவ இரகசியங்கள் முழுவதும் இளைஞர்கள் கையில். 2002-ல் இரண்டாம் ஜான்பால் பாப்பரசர் சேர்த்தவை அவை. பாட்டியம்மாக்கள் பலருக்கு இன்னும் வரிசை பிடிபடவில்லை, நீங்கள் சொல்லிக் கொடுங்கள்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில் பிறந்த தேவசகாயம் குருவானவர் இல்லை, துறவி இல்லை. மனைவியோடு குடும்பம் நடத்தினவர். 1745-ல் ஞானஸ்நானம், 1752-ல் காற்றாடிமலையில் விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்தார். 2022 மே 15-ல் புனிதர் பட்டம் கொடுத்தபோது நாம் எல்லாரும் டிவி முன்னால் அழுதோம். இந்த மண்ணில் விசுவாசத்தைத் தாங்கினதில் அவரைப் போல குருவும் துறவியும் அல்லாத பொதுநிலையினருக்குப் பெரிய பங்கு உண்டு. பிள்ளைகள் கையில் பொறுப்பைக் கொடுக்க நாம் ஏன் பயப்படுகிறோம்?

கிட்டார் தம்பி, 8:55
வியாழக்கிழமை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் டீச்சர். பாட்டும் நாங்களே.

மேலவிளை அண்ணன், 8:57
ஏழு மணிக்குத் தொடங்கி எட்டுக்குள் முடித்தால் நான் தினமும் வருவேன். துலாமழை நேரம், மாலையில் மழை உறுதி. தார்ப்பாய் என்னிடம் இருக்கிறது.

தலைவர் மாமா, 9:03
அப்படியானால் இப்படிச் செய்வோம். மற்ற நாட்களில் ஏழு முதல் எட்டு, ஞாயிறு மாலை ஐந்து மணி. கட்டன்சாயா மட்டும். குழுவில் போட்டுவிட்டு விடாமல் இரண்டு இரண்டு பேராக எல்லா வீட்டுக்கும் நேரில் போய்க் கூப்பிடுவோம். வராமல் இருக்கிற வீடுகளுக்கு முதலில். டீச்சர், சித்தி, நீங்கள் இருவரும் கீழவிளைப் பக்கம் போக முடியுமா?

குருசடி வீட்டுச் சித்தி, 9:05
போகிறோம். ‘ஏன் வரவில்லை’ என்று யாரும் கேட்கக் கூடாது. சுகம் விசாரித்துவிட்டு, எந்த நாள் வசதி என்று மட்டும் கேட்போம்.

பனவிளை தங்கச்சி, 9:21
எல்லாம் படித்தேன். முதல் நாள் எங்கள் வீட்டில் வைக்கலாமா மாமா? முன் அறை இன்னும் பூசவில்லை.

தலைவர் மாமா, 9:22
வைக்கலாம் மகளே. அக்டோபர் 1 உங்கள் வீடு. எழுதிக்கொண்டேன்.

கொத்தனார் அண்ணன், 9:24
தங்கச்சி, தரை மேடு பள்ளமாக இருந்தால் சொல்லு. ஞாயிறு பூசை முடிந்து வந்து பார்க்கிறேன், பாய் விரிக்கிற அளவுக்குச் சரி பண்ணிவிடலாம்.