யாரு அணைச்சதுன்னு எங்க போட்டிருக்கு?

2025 ஜூலை 12, சனி

கண்ணன் (காலை 7:14)
*பலமுறை அனுப்பப்பட்டது*
அகமதாபாத் விமான விபத்து ரிப்போர்ட் வந்துருச்சு!! பைலட்டே பெட்ரோலை கட் பண்ணி 260 பேரைக் கொன்னுட்டான்!! எல்லா குரூப்புக்கும் அனுப்புங்க!!

ராஜி அக்கா (7:17)
ஐயோ. மொதல்ல பறவை மோதிச்சுன்னாங்க. அப்புறம் றெக்கைக்குப் பின்னால இருக்கிற ஃபிளாப் மடலை இறக்கலைன்னாங்க, எரிபொருள்ல கலப்படம்னாங்க. இப்ப இதுவா?

மணிநகர் அத்தை (7:21)
காலங்காத்தால இதை ஏன் போட்ட கண்ணா

பெரியப்பா (7:38)
கண்ணா, 15 பக்கம் தான் அந்த ரிப்போர்ட். நான் ரெண்டு தடவை படிச்சுட்டேன். நீ படிச்சியா?

கண்ணன் (7:39)
இல்ல பெரியப்பா. டிவில சொன்னாங்க

பெரியப்பா (7:52)
விமானம் பழுது பாக்கற ஹேங்கர்ல 30 வருஷம் ஸ்பேனர் பிடிச்சவன் சொல்றேன், கேளு.

ராஜி சொன்ன மூணுக்கும் ரிப்போர்ட்லயே பதில் இருக்கு. ஃபிளாப் 5 டிகிரில இருந்திருக்கு, டேக் ஆஃப்புக்கு அது சரியான அளவு. எரிபொருள் நிரப்பின வண்டியில சாம்பிள் எடுத்துப் பார்த்தாங்க, குறை இல்ல. பறவைக் கூட்டமும் பெருசா இல்ல.

தரையை விட்டு எழும்பி மூணு செகண்ட் இருக்கும். ரெண்டு இன்ஜினோட எரிபொருள் ஸ்விட்சும் ஒரு செகண்ட் இடைவெளியில ரன்ல (எரிபொருள் போற நிலை) இருந்து கட் ஆஃப்புக்கு (எரிபொருள் நிக்கற நிலை) மாறியிருக்கு. "ஏன் கட் பண்ணீங்க"ன்னு ஒரு பைலட் கேக்கறார். "நான் பண்ணலை"ன்னு மத்தவர் சொல்றார். எது யார் குரல்னு போடலை. ஸ்விட்ச் மாறிச்சுன்னு தான் எழுதியிருக்கு. யாரு கை பட்டுச்சு, கையே பட்டுச்சான்னு ஒரு வார்த்தை கிடையாது. "பைலட்டே"ங்கிற அந்த ஏகாரத்தை உன் மெசேஜ்ல சேர்த்தது யாரு?

கண்ணன் (7:55)
கை தவறிப் பட்டிருக்குமோ பெரியப்பா?

பெரியப்பா (8:03)
அது அவ்வளவு லேசு இல்லடா. சில கார்ல கியர் கம்பிக்குக் கீழ இருக்கிற வளையத்தை மேல இழுத்தா தான் ரிவர்ஸ் விழும்ல, அந்த மாதிரி. குமிழை மேல இழுத்து, ஒரு மேட்டைத் தாண்டி, அப்புறம் கீழ வைக்கணும். அப்படி ரெண்டு ஸ்விட்ச்.

ஆனா 2018 டிசம்பர்ல அமெரிக்க விமானப் பாதுகாப்பு அமைப்பு எஃப்.ஏ.ஏ ஒரு குறிப்பு அனுப்பிச்சு. சில போயிங் 737 விமானத்துல, ஸ்விட்ச் தானா நகராம தடுக்கிற இந்தப் பூட்டு விலகியே பொருத்தியிருக்கு, அதே மாதிரி டிசைன் 787லயும் (விழுந்த விமானம் இந்த ரகம் தான்) இருக்கு, பாருங்கன்னு. கட்டாயம்னு சொல்லலை, ஆலோசனை தான். இந்த விமானத்துல அந்தச் சோதனை நடக்கலைன்னு ரிப்போர்ட்டே சொல்லுது. அதனால தான் விழுந்ததுன்னும் நான் சொல்ல மாட்டேன். தெரியாததைத் தெரியாதுன்னு விடணும்.

ராஜி அக்கா (8:06)
அணைஞ்சதைத் திரும்பப் போட்டிருக்கலாமே அப்பா?

பெரியப்பா (8:11)
போட்டிருக்காங்கம்மா! பத்து செகண்ட்ல முதல் ஸ்விட்ச், இன்னும் நாலு செகண்ட்ல அடுத்தது, ரெண்டும் ரன்னுக்கு வந்திருக்கு. ஒரு இன்ஜின் தேறி வர ஆரம்பிச்சிருக்கு. இன்னொண்ணு பத்திக்கிச்சு, ஆனா வேகம் ஏறலை. உயரம் எங்க இருந்தது? கிளம்பினதுல இருந்து பதிவு நின்ன வரைக்கும் மொத்தமே 32 செகண்ட். அதுக்குள்ள "மேடே"ன்னு ஆபத்து அழைப்பும் குடுத்திருக்காங்க. இதையெல்லாம் உன் ஃபார்வர்ட் சொல்லுதா கண்ணா?

மணிநகர் அத்தை (8:20)
அண்ணா, நீங்க எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன்.

அன்னிக்கு இங்க அகமதாபாத்ல எங்க வீட்டு மொட்டை மாடில வத்தல் காய வச்சுட்டு இருந்தேன். வடக்கால கரும்புகை. ஏதோ மில்லு எரியுதுன்னு நெனச்சேன். பக்கத்து வீட்டுப் பையன் பி.ஜே. மெடிக்கல் காலேஜ்ல படிக்கிறான். விமானம் விழுந்தது அவங்க மெஸ் மேல தான், மதிய சாப்பாட்டு நேரம். அவன் பத்து நிமிஷம் லேட்டா போனதால பொழைச்சான். தட்டு தட்டா சோறு அப்படியே இருந்துச்சுன்னு சொல்லி அழுதான். கீழ இருந்தவங்களே 19 பேர் போயிட்டாங்க.

சிவில் ஆஸ்பத்திரி வாசல்ல ரத்தம் குடுக்க வரிசையா நின்னாங்க. டி.என்.ஏ பார்த்து உடம்பைக் குடுக்க. ஒரு பெரியவர் என்கிட்ட "எத்தனை நாளாகும்மா"ன்னு குஜராத்தில கேட்டார். எனக்குப் பதில் தெரியலை.

கண்ணன் (8:24)
அத்தை, நீங்க அங்க போனதே எனக்குத் தெரியாது

மணிநகர் அத்தை (8:26)
தண்ணி பாட்டில் கொண்டு போனோம், எங்க தெருவுல நாலு பேர். அந்த ரெண்டு பைலட் வீட்லயும் இப்ப இந்த மெசேஜ் போயிருக்கும்லப்பா. அவங்களும் வரிசையில நின்னு உடம்பை வாங்கினவங்க தானே.

ராஜி அக்கா (8:29)
அப்ப எப்ப தான் முழுசா தெரியும் அப்பா?

பெரியப்பா (8:33)
இது விபத்து நடந்து 30 நாள்ல குடுக்கற முதல்கட்ட ரிப்போர்ட். முழு ரிப்போர்ட் வர ஒரு வருஷம் ஆகலாம், அதுக்கு மேலயும் இழுக்கலாம். குரல் பதிவு முழுசும் வரணும், கருகின அந்த ஸ்விட்ச் பெட்டியைப் பிரிச்சுப் பார்க்கணும். 2019லயும் 2023லயும் அந்தப் பெட்டியை மாத்தியிருக்காங்க, அதையும் ஆராயணும். நான் காத்திருக்கேன்.

*கண்ணன் இந்தச் செய்தியை நீக்கிவிட்டார்*

கண்ணன் (8:36)
ஆபீஸ் குரூப்லயும் போட்டிருந்தேன் பெரியப்பா. அங்கயும் எடுத்துட்டேன். நீங்க எழுதினதை அங்க போடலாமா?

பெரியப்பா (8:37)
போடு. அத்தை எழுதினதை மட்டும் போடாதே.