மறு: 'மியூசிக்கல் காமெடி' – தமிழில் எப்படிச் சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

நான் மொழிபெயர்க்கும் நாடக நூலின் அத்தியாயத்தை நாளை இரவுக்குள் அனுப்பியாக வேண்டும். 'தி ஆர்கேடியன்ஸ்' என்ற லண்டன் மேடை நாடகம் பற்றிய பகுதியில் மட்டும் 'மியூசிக்கல் காமெடி' என்ற சொல் 11 இடத்தில் வருகிறது.

> 'இசை நாடகம்' இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

ஐயா, இசை நாடகம் என்றதும் நம்மவர்க்குச் சங்கரதாஸ் சுவாமிகளும் வள்ளி திருமணமும்தான் கண்முன் வரும். இது 1909 ஏப்ரலில் லண்டன் ஷாஃப்ட்ஸ்பரி அரங்கில் தொடங்கி 809 முறை நடந்த ஆட்டம். விமானம் பழுதாகி ஆர்கேடியா என்ற கற்பனை நாட்டில் விழுந்த லண்டன்காரர் ஸ்மித் ஒரு பொய் சொல்ல, அவ்வூரார் அவரை உண்மைக் கிணற்றில் முக்கி எடுக்கிறார்கள். இளைஞனாக வெளியே வருகிறார். அப்புறம் அவரும் ஆர்கேடியர்களும் லண்டனுக்கு வாய்மை கற்பிக்கக் கிளம்பி, குதிரைப் பந்தயத்தில் போய் நிற்கிறார்கள். இதற்குப் பழைய பெயரைச் சூட்ட எனக்கு மனம் வரவில்லை.

> தொல்காப்பியர் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நகைக்கு நான்கு களம் சொல்கிறார். 'நகையிசைக் கூத்து' என்போம்.

அம்மா, இலக்கணம் அருமையாகப் பொருந்துகிறது. ஆர்கேடியர்களின் வெள்ளை மனம் மடனேதான். ஆனால் 'நகையிசை' என்று பார்க்கும் மாணவர் கழுத்து நகையைத்தான் நினைப்பார்.

என் ஆசை வேறு. சிலப்பதிகாரப் பதிகம் 'உரையிடையிட்ட பாட்டுடைச் செய்யுள்' என்கிறதல்லவா? இங்கே பேச்சுதான் கதையை நடத்துகிறது; இசையமைப்பாளர்கள் மாங்க்டன், டால்பட் இருவரின் பாட்டுகள் நடுநடுவே வருகின்றன. எனவே 'பாட்டிடை நாடகம்'. கேட்டவுடன் அமைப்பு புரிகிறது.

> 'பாட்டிடை' என்றால் பாட்டுக்கு நடுவில் நாடகம் என்றும் பொருள் வருமே.

சரி, அது குறைதான். 'பாட்டிடையிட்ட' என்று விரித்தால் நாக்கு தடுக்குகிறது.

நால்வர் 'இன்பியல் இசைநாடகம்' என்கிறீர்கள். நேரமில்லை, அதையே போடுகிறேன். ஆனால் இதே அத்தியாயத்தில் 1907இல் டேலிஸ் அரங்கில் ஓடிய இசையமைப்பாளர் லெஹாரின் 'தி மெர்ரி விடோ'வும் வருகிறது. அது ஆப்பரெட்டா, அதாவது ஆப்பராவின் எளிய, கலகலப்பான வடிவம். அதுவும் இன்பியல்தான், இசைநாடகமும்தான். நூலாசிரியரோ இரண்டையும் பிரித்துக் காட்டத்தான் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறார். ஆப்பரெட்டாவுக்கு இன்றிரவுக்குள் யாராவது ஒரு சொல் தாருங்கள்.