ஏடபிள்யூ4 கியர்பாக்ஸில் ராட்செட் ஷிஃப்டர்: கடைசி கியர் விழமாட்டேன் என்கிறது

வண்டி 1995 ஜீப் செரோக்கி எக்ஸ்ஜே, 4.0 லிட்டர் பெட்ரோல், 4 கியர் ஏடபிள்யூ4 ஆட்டோமேட்டிக். பழைய லிவர் ஆடிப்போனதால் மூன்று வாரத்துக்கு முன் ஒரு ராட்செட் ஷிஃப்டரை (ஒரு அசைவுக்கு ஒரு நிலை மட்டும் மாறும் கியர் லிவர்) வாங்கி நானே மாட்டினேன். அன்றிலிருந்து தலைவலிதான்.

பார்க், ரிவர்ஸ் இரண்டும் சரி. நியூட்ரலில் ஸ்டார்ட்டர் மூச்சே விடுவதில்லை. லிவரைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் பிடித்தால்தான் சுற்றுகிறது. நிலைகள் ஆறு: பார்க், ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ், 3, 1-2. கடைசி 1-2 நிலைக்கு லிவர் போகிறது, கியர்பாக்ஸ் 3-லேயே நிற்கிறது.

கேபிள் நீளத்தை மாற்றிப் பார்த்தேன். 1-2 வந்தது, ஆனால் பார்க் பிடிக்கவில்லை, சரிவில் வண்டி நகர்ந்தது (நல்லவேளை, சக்கரத்துக்குக் கட்டை வைத்திருந்தேன்). நியூட்ரல் சேஃப்டி சுவிட்சை (பார்க், நியூட்ரலில் மட்டும் ஸ்டார்ட் ஆக விடுவது) கழற்றிச் சுத்தம் செய்து மல்டிமீட்டரிலும் பார்த்தாயிற்று, அதில் குறை இல்லை. கேபிளைக் கழற்றிவிட்டு அடியில் படுத்து கியர்பாக்ஸ் கையை (கேபிள் மாட்டும் சிறு லிவர்) திருப்பினால் ஆறு நிலையும் 'டக் டக்' என்று விழுகின்றன.

அளந்தபோதுதான் புரிந்தது: பார்க்கிலிருந்து 1-2 வரை கியர்பாக்ஸ் கை நுனிக்கு 70 மி.மீ. ஓட்டம் வேண்டும், புது ஷிஃப்டர் கேபிளை 62 மி.மீ.தான் இழுக்கிறது.

கியர்பாக்ஸ் கையில் அச்சுக்குச் சற்று அருகே (அங்கே குறைந்த இழுப்பே போதும்) புதுத் துளை போட்டு கேபிளை மாட்டியவர்கள் யாராவது இருக்கிறீர்களா, ஆறு நிலையும் ஒத்து வந்ததா?